ஐந்தாவது டயருக்கு எலுமிச்சம்பழம் இல்லை

சனிக்கிழமை விடிகாலையில் எங்கள் வீட்டு முன்னால் நான் குந்தியிருப்பதைப் பார்க்கிறவர்கள், கோலம் போடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். கோலம் வெள்ளிக்கிழமையோடு சரி. சனிக்கிழமை கார் டயருக்குக் காற்று பார்க்கிற நாள்.

காப்பி குடிப்பதற்கு முன்னால், வண்டி ஓர் அடிகூட நகர்வதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும். ஓடிச் சூடான டயர் காற்றழுத்த எண்ணைக் கூட்டித்தான் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் மறுநாள் டயர் சொங்கிப்போய்க் கிடக்கும். இந்த விஷயத்தில் குனோங் ராபாட் எங்களுக்கு வசதியான இடம். வரிசை வீடுகளுக்குப் பின்னால் சுண்ணாம்பு மலை மறைத்துக்கொண்டு நிற்பதால் காலை வெயில் எங்கள் பக்கம் மெதுவாகத்தான் வரும். அதுவரைக்கும் டயர் ஜில்லென்று இருக்கும்.

எதிர்வீட்டுக்காரி துணி காயப்போட வரும்போதெல்லாம் கேட்பாள். "என்னாக்கா, இன்னிக்கும் காருக்கு பிரஷர் பாக்குறியா? வீட்டுல இருக்குற மனுஷனுக்கு யாரு பாக்குறது?"

"ரெண்டு பேருக்கும் பாத்தாச்சு லா. காரு நார்மல். அவருக்குத்தான் ஏறி நிக்குது."

உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்கும். என் வீட்டுக்காரருக்குக் கண்தான் மங்கல். காது பாம்புக் காது.

அவர் வாழ்நாள் முழுக்க லோரி ஓட்டினவர். சிமெண்டு, மணல், பலகை என்று எதை ஏற்றினாலும், கிளம்புவதற்கு முன்னால் கையில் ஒரு கட்டையோடு லோரியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்ப்பார். பின்னால் இரட்டை டயர்கள். உள்ளே இருப்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் லோரிக்காரர்களுக்கு டயர் என்பது காதால் பார்க்கிற பொருள். 'டண்' என்றால் போகலாம். 'தொப்' என்றால் இறங்கு. சக்கரை அவர் கண்ணைத் தின்ன ஆரம்பித்ததும், யாரும் சொல்வதற்கு முன்னால் அவராகவே லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். அன்றைக்கு அவர் அழவில்லை. எனக்குத்தான் சமையலறையில் கண் நிறைந்தது.

அதற்கப்புறம்தான் ஐம்பதைத் தாண்டிய வயதில் நான் லைசென்ஸ் எடுத்தேன். எடுத்த அன்றைக்கே அவர் ஒரு சட்டம் போட்டார். "காரு ஓட்டுறவங்கெல்லாம் டிரைவர் இல்ல. ஸ்டீரிங் புடிக்கிறது வேற, டிரைவர் வேற. அடியில என்னா நடக்குதுன்னு தெரிஞ்சவன்தான் டிரைவரு." நான் ஸ்டீரிங் பிடிக்கிறவள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அங்கே இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வருவார்.

கார் வாங்கின புதிதில் சிலிபின் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டோம். குருக்கள் சந்தனம் குங்குமம் வைத்து, நாலு டயருக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். நான் பயந்துகொண்டே காரை முன்னால் விட்டேன். பழங்கள் நசுங்கின. எல்லாரும் திருப்தியாகச் சிரித்தோம். பூட்டுக்குள், அதாவது காரின் பின்பெட்டிக்குள், கம்பளத்துக்கு அடியில் ஐந்தாவதாக ஒரு டயர் படுத்திருக்கிறதே, அதற்கும் ஒரு பழம் வேண்டாமா என்று குருக்களுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

அந்த டயரை யாருமே பார்க்கவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. லோரியில் ஸ்பேர் டயர் வெளியே தொங்கும். போகிற போக்கில் அதையும் ஒரு தட்டு தட்டிவிடலாம். காரில் அது ஒளிந்துகொண்டிருக்கிறது. மாதம் ஒரு முறை நாங்கள் சிலிம் ரிவர் பக்கம் போவோம். அங்கே தோட்டத்து ஓரத்தில் என் நாத்தனார், அவருடைய அக்கா, தனியாக இருக்கிறார். எங்கே கூப்பிட்டாலும் வரமாட்டார். அவருக்கான அரிசி, பருப்பு, எண்ணெய் டின் எல்லாம் அந்தக் கம்பளத்தின் மேல்தான் ஏறும். என் வீட்டுக்காரர் கைத்தடியால் நாலு டயரையும் தட்டுவார். ஐந்தாவது டயர் அரிசி மூட்டைக்கு அடியில் நிம்மதியாகச் செத்துக்கொண்டிருந்தது.

நாலு டயருக்கும் என்ன குறை என்று கேட்டால், காற்று அதிகம். பெட்ரோல் ஸ்டேஷனில் நான் பம்பை மாட்டுவேன், அவர் தட்டுவார். "இன்னும் போடு." மறுபடியும் தட்டுவார். "இன்னும்." லோரி டயரின் சத்தம் வரும்வரைக்கும் விடமாட்டார். அத்தனை சின்னக் கார் அந்தச் சத்தம் போட வேண்டுமென்றால் எவ்வளவு காற்று திணிக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். பள்ளத்தில் இறங்கினால் கொதிக்கிற சோற்றுப்பானை மூடி மாதிரி கார் எகிறும். "ரோடு சரியில்ல லா," என்பார்.

போன மழைக்காலத்தில் நாத்தனார் வீட்டிலிருந்து திரும்பி வரும்போது, சுங்கை டவுனைத் தாண்டிப் பழைய ரோட்டில் ஓர் ஆணி ஏறி டயர் உட்கார்ந்துவிட்டது. மழை ஊற்றுகிறது. பூட்டைத் திறந்து கம்பளத்தைத் தூக்கினேன். என் வீட்டுக்காரர் கைத்தடியால் ஸ்பேர் டயரை ஒரு தட்டு தட்டினார்.

தொப்.

மறுபடியும் தட்டினார். அதே சத்தம்தான். குடையை வாங்கிக்கொள்ளக்கூட மறந்து நனைந்துகொண்டு நின்றார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு லோரிக்காரன், ஸ்பேரில் காற்று இல்லாமல் ரோட்டில் நிற்கிறான்.

கோலாலம்பூரில் இருக்கிற மகனுக்குப் போன் செய்தேன். அவன் அங்கிருந்தே இழுவை லோரிக்கு ஏற்பாடு செய்துவிட்டு, தானும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். நல்ல பிள்ளை. பயந்துபோயிருந்தான். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, கோபமில்லாமல்தான் சொன்னான்.

"அம்மா, நான் சண்ட போடல. ஆனா இன்னொரு தடவ ரெண்டு பேரும் இப்படி ரோட்டுல நின்னு யாரையாவது கூப்புடுற மாதிரி ஆச்சுன்னா, கார வித்துட்டு என் வீட்டுக்கு வந்துடணும். சரியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "சரி," என்று சொல்லிவிட்டார்.

அந்தச் 'சரி'தான் என்னைக் குத்தியது. மகன் இருப்பது பதினேழாவது மாடி. நல்ல வீடு, நல்ல மருமகள். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் குனோங் ராபாட்டில் என் வீட்டுக்காரருக்குக் கண் தேவையில்லை. எந்த வீட்டு வாசலில் கால்வாய் மூடி ஆடும், முக்கில் இருக்கிற மாமாக் டீக்கடைக்கு எங்கே படி ஏறும், எந்த நாய் குரைக்கும், எந்த நாய் கடிக்கும், எல்லாம் அவர் காலுக்குத் தெரியும். தினமும் தனியாகப் போய், தனியாக ஒரு கிளாஸ் தே தாரிக் டீ குடித்து, தனியாகத் திரும்பி வருகிற மனுஷன். பதினேழாவது மாடியில் லிப்டுப் பொத்தானை அமுக்கக்கூட இன்னொருவர் விரல் வேண்டும். அங்கே போனால் அவர் குருடராகிவிடுவார். இங்கே அவர் குருடர் இல்லை. எனக்கு இதில் இரண்டாவது பேச்சு கிடையாது. போகமாட்டோம் என்று முடிவு செய்தேன். அதற்கு நான் ரோட்டில் யாரையும் கூப்பிடாத ஆளாக வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் டயர் கடைக்குப் போனேன். கடை முதலாளியான சீனத் தவுக்கே, கழற்றின டயரைத் திருப்பிக் காட்டி, "ஆன்ட்டி, தெங்ஙா சுடா போத்தாக்," என்றார். நடுவில் மொட்டை. ஓரமெல்லாம் புதுசு மாதிரி கோடு கோடாக இருக்க, நடுப்பகுதி மட்டும் தேய்ந்து வழுக்கையாகி இருந்தது. அளவுக்கு மேல் ஊதின டயர் தொப்பை தள்ளிக்கொண்டு நடுவால் மட்டுமே ஓடும். தேய்ந்த அந்த இடத்தில் ஆணிக்கு வேலை சுலபம்.

வீட்டுக்கு வந்து கார்க் கதவைத் திறந்து, டிரைவர் பக்கத்துத் தூணைப் பார்த்தேன். இத்தனை வருடமாக என் தோளுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. முன்னால் 220 கிலோபாஸ்கல். பின்னால் 200. ஸ்பேருக்கு 420.

"ஒட்டுன கடதாசிக்கு என்னா தெரியும்?" என்றார் அவர்.

"காரு செஞ்சவன் ஒட்டுனதுங்க. லோரி ஓட்டுனவர் ஒட்டுனது இல்ல."

சாயங்காலத் தேத்தண்ணி வரைக்கும் அவர் என்னோடு பேசவில்லை. நான் அதற்குள் நாலு டயரிலும் காற்றை இறக்கி ஸ்டிக்கரின் எண்ணுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வந்து தட்டிப் பார்த்தார். சத்தம் அமுங்கிப்போய்க் கேட்டது. "செத்துப்போச்சு டயரு," என்று சொல்லிவிட்டு மாமாக் கடைக்குப் போனார். போகட்டும் என்று விட்டேன். சாவு வீட்டுக்குப் போகிற நடையில்தான் போனார்.

பெட்ரோல் ஸ்டேஷன் பம்புகளை நம்பியும் பயனில்லை. ஒன்றில் ரோசாக், அதாவது பழுது, என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த அட்டையே கிழிந்து பழசாகியிருக்கும். இன்னொன்றில் குழாய் பின்டயருக்கு எட்டாது. நானே ஒரு அளவுமானியும், காரின் சிகரெட் லைட்டர் துளையில் செருகிக் காற்றடிக்கிற சின்ன மிஷினும் வாங்கினேன். முதல் வேலையாக ஸ்பேர் டயரை வெளியே எடுத்து உட்கார வைத்தேன். மற்ற டயர்களைவிட ஒல்லி. ஒல்லிக்குத்தான் காற்று அதிகம் வேண்டும் என்கிறது ஸ்டிக்கர். மிஷின் கத்திக் கத்தி 420-க்கு வந்ததும் அவரைக் கூப்பிட்டேன்.

"தட்டிப் பாருங்க."

டண்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "இதான்டி டயரு!" என்றார். உடனே பழையபடி முகத்தை வைத்துக்கொண்டார்.

அடுத்து டயர் மாற்றுகிற பாடம். எனக்கு நானே வைத்துக்கொண்டது. வீட்டு முன்னால், தெருவே பார்க்க. முதல் நாள் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கிவிட்டு நட்டைத் திருகினேன். சக்கரமும் சேர்ந்து சுற்றியது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல், "நட்ட லூஸ் பண்ணிட்டுத் தூக்கணும். தூக்கிட்டு லூஸ் பண்ணா ராட்டினந்தான் சுத்தும்," என்றார். சரி என்று இறக்கிவிட்டுத் திருகினால், நட்டு அசையவில்லை. கடைக்காரன் மிஷின் வைத்து முடுக்கினது. கடைசியில் ஸ்பேனரை மாட்டி அதன் மேல் ஏறி நின்றேன். போகும்போதெல்லாம் டாக்டர் குறை குறை என்று சொல்கிற எடை, 'க்ரீச்' என்ற சத்தத்தோடு அன்றைக்குத்தான் எனக்கு உதவியது. எதிர்வீட்டுக்காரி கைதட்டினாள்.

கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, கை காய்த்துப்போகிறவரைக்கும் செய்தேன். அவர் மட்டும் அசையவில்லை. "முன்வாசல்ல மாத்துறது வேற லா. ரோட்டுல மாத்துறது வேற."

அதையும் பார்த்துவிடலாம் என்று எனக்குள் ஒரு வீம்பு இருந்தது. அந்த நாளும் வந்தது.

நாத்தனார் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். முட்டி மடங்கவில்லை, இனிமேல் தரையில் உட்கார முடியாது என்று சொல்லி நாத்தனார் தன்னுடைய பழைய மணைக்கட்டையை என்னிடம் கொடுத்துவிட்டார். கெட்டியான பால்மரப் பலகை, ரப்பர் மரத்தில் செய்தது. பூட்டில் போட்டுக்கொண்டு வந்தேன். அந்தத் தோட்டத்தில் இப்போது பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. வெட்டிப்போட்ட மட்டைகள் செம்மண் ரோட்டோரம் குவிந்து கிடக்கும். மட்டையின் அடியில் விரல் நீளத்துக்கு முள் இருக்கும். எதிரே குலை ஏற்றின டிராக்டர் ஒன்று வந்தது. வழிவிட ஓரம் ஒதுங்கினேன். கொஞ்ச தூரம் போனதும் ஸ்டீரிங் இடது பக்கம் இழுத்தது.

நிறுத்தினேன்.

"என்னா?"

"இழுக்குதுங்க."

"செம்மண் ரோடு இழுக்கத்தான் செய்யும்."

"ரோடு இல்ல. டயரு."

அவர் இறங்கினார். முன்டயருக்குப் பக்கத்தில் குனிந்து காதை வைத்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் டயரின் பக்கவாட்டில் விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். "இங்கதான். முள்ளு." உடைந்த முள் உள்ளேயே இருந்தது. சுற்றிலும் காற்று சீறிக்கொண்டிருப்பது கையை வைத்தால்தான் தெரிந்தது.

என் கை தானாகக் கைப்பையைத் தொட்டது. பயம்தான், வேறென்ன. கைப்பைக்குள் போன் இருக்கிறது. ஒரே ஓர் அழைப்பு. மகன் ஏற்பாடு செய்துவிடுவான். அதோடு பதினேழாவது மாடி. மோட்டார் சைக்கிளில் வந்த இந்தோனேசியத் தொழிலாளி ஒருவர் நிறுத்தி, உதவி வேண்டுமா என்று மலாயில் கேட்டார். "தாக் ஆப்பா, போலே," என்றேன். பரவாயில்லை, முடியும். நல்ல மனுஷன், நாலைந்து தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். கொழுப்பு என்று நினைத்திருப்பார். கொழுப்பு இல்லை. அவர் மாற்றிக் கொடுத்தால் அன்றைக்கு மட்டும் வீடு போய்ச் சேர்வோம். நான் மாற்றினால்தான் அந்த வீடு எங்களுக்கு இருக்கும்.

கைபிரேக்கை இழுத்தேன். "பின்டயருக்குக் கல்லு வைங்க," என்றேன். அவர் காலாலேயே துழாவி இரண்டு கல்லைக் கண்டுபிடித்து அண்டைகொடுத்தார். ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன். ஒவ்வொரு நட்டும் முனகிக்கொண்டே இளகியது. ஜாக்கியை வைத்துச் சுற்றினேன். கார் மேலே ஏறவில்லை. ஜாக்கி கீழே இறங்கியது. முந்தின நாள் மழையில் மண் ஊறிப்போயிருந்தது. அதை அவர் எனக்குச் சொன்னதில்லை. வீட்டு முன்னால் சிமெண்டுத் தரை, எனக்கும் தோன்றியதில்லை.

"பலக வேணும்," என்றார் மெல்ல. "ரோட்டுல மாத்துறது வேறன்னு இதத்தான் சொன்னேன்."

நான் பூட்டுக்குப் போய் நாத்தனார் கொடுத்த மணைக்கட்டையை எடுத்து வந்தேன். கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஜாக்கியை வைத்துச் சுற்றினேன். மணை கொஞ்சம் அமுங்கியது, அப்புறம் நின்றது. கார் எழும்பியது.

"என்னா வச்ச?"

"உங்க அக்கா சிம்மாசனத்த."

சிரித்தார். தொப்பியைக் கழற்றி நீட்டினார். நட்டுகளை அதில் போட்டேன். செம்மண்ணில் விழுந்தால் தேட முடியாது. முள் ஏறின டயரை இழுத்துப் போட்டு, ஒல்லி டயரைத் தூக்கி மாட்டினேன். அவர் தொப்பியிலிருந்து ஒவ்வொரு நட்டாக எடுத்து, மண்ணைச் சட்டையில் துடைத்து என் கையில் வைத்தார். எதிரும் புதிருமாக முடுக்கினேன். காரை இறக்கிவிட்டு, மறுபடியும் ஸ்பேனர் மேல் ஏறி நின்று ஒரு முடுக்கு. வியர்வை கண்ணில் எரிந்தது. சேலை செம்மண் நிறம்.

அவர் கைத்தடியை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தார். தட்டினார். மூன்று டயர் அமுங்கின சத்தம். நாலாவது, டண். ஏறி உட்கார்ந்தார்.

"போலாம்."

ஒல்லி டயரில் வேகம் போகக்கூடாது. சிலிம் ரிவர் டவுன்வரை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தேன். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹார்ன் அடித்தார்கள், அடிக்கட்டும். டயர் கடையில், பக்கவாட்டில் குத்தினதை ஒட்ட முடியாது, புதுசுதான் போட வேண்டும் என்றார்கள். போடச் சொன்னேன். கடைக்காரன் காற்று அடித்து முடித்ததும் என் அளவுமானியை எடுத்து நானே ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். அவன் முறைத்தான். முறைக்கட்டும்.

அந்த நேரம் பார்த்து மகன் போன் செய்தான். அவருடைய போனுக்கு; அது அவர் சட்டைப்பையில் இருந்தது. எடுத்துவிட்டார். சத்தம் எனக்கும் கேட்டது.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

நான் கையை ஆட்டினேன், சொல்லாதீங்க, சொல்லாதீங்க என்று. வாயில் விரல் வைத்துக் காட்டினேன். ஆட்டி முடித்தபிறகுதான், யாருக்குக் கையை ஆட்டுகிறேன் என்று எனக்கு உறைத்தது.

"சிலிம் ரிவர்ல. டயர் கடையில."

"என்னா ஆச்சு?"

"பஞ்சர் லா. செம்பனை முள்ளு. தோட்டத்துக்குள்ளாற."

"ரோட்டுல நின்னீங்களா? அப்பா, நான் என்னா சொன்னேன்? யாரு வந்து டயர் மாத்துனா?"

"யாரும் வரல."

"அப்புறம்?"

"டிரைவர் மாத்துனாங்க."

"எந்த டிரைவர்?"

"நம்ம காருக்கு எத்தன டிரைவர்டா இருக்காங்க? இங்கதான் நிக்கிறாங்க, பேசு."

போனை நீட்டினார், நான் நிற்காத பக்கமாக. நான் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்று வாங்கிக்கொண்டேன்.